செட்டு வந்த தை மாதம்

நம்ம செட்டு ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாக வயிற்றுக்குள் கிடந்தது. நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை, நாலு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வரும். நமக்கும் அவசரம் என்ன? நிழற்குடையில் உட்கார்ந்து போகிற பஸ்ஸைப் பார்க்கிற ஆட்கள், ஏறப்போகிறவர்கள் இல்லை. கேளுங்கள்.

போன மாதம் வாத்தியார் அந்தத் தடி அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதுதான் இதைக் கிளறிவிட்டது. நம்மோடு ஆடு மேய்த்தவர்களில் படித்து வேலைக்குப் போனது அவர் ஒருவர்தான். பேத்தி பரீட்சைக்கு வாங்கிய புத்தகமாம். ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறது, அந்தச் சொல் உங்கள் வாயிலும் தினம் வருகிறது, எத்தனை தெரியும் சொல்லுங்கள் என்றார். சொல் என்னவென்று பார்த்தால், நம்ம செட்டு.

கொத்தனார் முதலில் சொன்னார், சிமெண்டு செட் ஆகிறது. அப்புறம் ஒன்றொன்றாக வந்தது. கோயில் கொடை விழாவுக்கு மைக் செட்டு. சீட்டு விளையாட்டில் செட் சேர்கிறது. மகளுக்குக் கம்மலும் சங்கிலியும் சேர்ந்த செட்டு. பேரனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து இன்னும் செட் ஆகாமல் இருக்கிறது. நம்மில் ஒருவர் வாயைத் திறந்து பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இனி இந்த ஒரு செட்டு ஒழுங்காக உட்கார்ந்தால் போதும், வேறு எந்தச் செட்டும் வேண்டாம் என்று பொக்கை வாயால் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். பொழுது அடைகிறதுக்கும் இங்கிலீஷில் செட்டுதானாம், வாத்தியார் சொன்னார்.

என் முறை வந்தது. பம்பு செட்டு என்றேன்.

பல்லைக் கையில் வைத்திருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். உங்களில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வாத்தியார் அதோடு விடவில்லை. இந்தச் சொல்லுக்குத் தாய் இரண்டு என்றார். ஒன்று வடக்கே குளிர் நாட்டில் பிறந்தது. அதற்கு அர்த்தம், உட்கார வைப்பது. சிமெண்டு உட்கார்வதும், பல் உட்கார்வதும், பொழுது போய் உட்கார்வதும் அந்த வழி. இன்னொன்று லத்தீன் என்கிற பழைய பாஷையில் பிறந்து, பிரான்சுப் பக்கம் சுற்றி வந்தது. அதற்கு அர்த்தம், ஒருத்தன் பின்னால் போவது. நம்ம செட்டு, அவன் செட்டு என்று கூட்டத்தைச் சொல்கிறோமே, அது அந்த வழி. இரண்டும் வேறு வேறு தண்ணீர், வந்து ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டது, பார்க்க ஒன்று போலத் தெரிகிறது என்றார்.

வாத்தியார் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் தண்ணீர் என்றார். எனக்கு எங்கள் காட்டுக் கிணறு ஞாபகம் வந்தது.

அங்கே பம்பு செட்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும், பத்தும் இருக்கலாம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. அதை நம்பி எல்லோரும் மிளகாய் போட்டார்கள். கார்த்திகை பொய்த்துவிட்டது. கண்மாயில் மாட்டுக் குளம்படித் தண்ணீர். கோயில் ஊருணி வெடித்துக் கிடந்தது. ஊருக்கே மிச்சம் இருந்தது எங்கள் மிளகாய்க் காட்டு ஓரத்து மணல் மேட்டுக் கிணறு. பட்டா பெரியப்பா பேரில், தண்ணீர் மட்டும் ஊருக்குப் பொது. ஆழமான கிணறு இல்லை, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி ஆறு பாகக் கயிறு போதும். அதன் தண்ணீரில் இளநீர் வாசம் இருக்கும். பருப்பு ஒரு கொதியில் மலர்ந்துவிடும்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? விளக்கு வைத்த பிறகு யாரும் வாளி விடக்கூடாது. கிணறு உறங்கும் என்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெந்நீர் வேண்டுமென்றால்கூட அண்டை வீட்டில் கடன் வாங்குவார்களே ஒழிய வாளி விட மாட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் காளியின் பேரைச் சொல்வார்கள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் அத்தை வந்தது. என் அய்யாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. வாலிநோக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், மாமாவுக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. மேஸ்திரி பெண்டாட்டி என்று சொல்லிக் கொண்டுபோய் அத்தையையும் பாத்தி மிதிக்க இறக்கிவிட்டார்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்று காலில் புண். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளந்து கிடந்தது. புண் ஆறுகிற வரைக்கும் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அம்மா வேப்பெண்ணெய் தடவி, ஒரு பழைய ஊதாச் சேலையைக் கிழித்து இரண்டு காலிலும் சுற்றிவிட்டாள்.

பெரியப்பா தினமும் காலையில் கேட்பார், புண் ஆறிவிட்டதா என்று. இன்னும் இல்லைண்ணே என்று அத்தை சொல்லும்.

எனக்குத் தெரியும், புண் ஆறிவிட்டது. தை பிறக்கும் முன்பே ஆறிவிட்டது. ஒருநாள் மாட்டுக் கொட்டத்தில் வைக்கோல் போருக்குப் பின்னால் அத்தை துணியை அவிழ்த்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன். புதுத்தோல், பிள்ளைக் கால் மாதிரிச் சிவப்பாக இருந்தது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியைச் சுற்றியது. சுற்றி முடித்து முடிச்சுப் போட்டபின் மெதுவாகச் சொன்னது.

"அங்கன எனக்குப் பேரே கெடையாதுய்யா. ஏய்னு கூப்புட்டா நான்தான்."

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லாமல் இருந்தேன். அத்தை நொண்டி நடக்கும்போது எங்கே மறந்து நேராக நடந்துவிடுமோ என்று எனக்குப் படபடப்பாக இருக்கும்.

பொங்கல் கழிந்து பெரியப்பா ராமநாதபுரம் போய்விட்டு வந்தார். மறுநாள் இரட்டை மாட்டு வண்டியில் எஞ்சின் வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம். கூடவே மெக்கானிக்கு ஒருவர், தோளில் எண்ணெய்த் துண்டு. நம்ம ஊரில் செட்டு என்கிற சொல்லை முதல் முதலாகச் சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். கிணற்று ஓரத்தில் சிமெண்டு மேடை கட்டி, மூன்று நாளைக்கு ஒரு குஞ்சு கிட்டே வரக்கூடாது, செட் ஆக வேண்டும் என்றார். நாம் எல்லோரும் காவல் இருந்தோமே. கோழியை விரட்டினோம், நாயை விரட்டினோம். இருந்தும் என் கிடாக்குட்டி ஒன்று தாவி மேடையில் ஒரு குளம்பை வைத்துவிட்டது. அந்தத் தடம் இப்போதும் இருக்கிறது. மழை பெய்தால் அதில் அரை மிடறு தண்ணீர் நிற்கும், சிட்டுக்குருவி குடிக்கும்.

நாலாம் நாள் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். முதுகுளத்தூரிலிருந்து மைக் செட்டு வரவழைத்து வேப்பமரத்தில் குழாய் கட்டியிருந்தார் பெரியப்பா. பம்புக் குழாயில் காற்று இழுக்காமல் இருக்கச் சாணியைக் கரைத்து ஊற்றி, மெக்கானிக்கு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. புகைக் குழாய் மேல் கவிழ்த்திருந்த தகர டப்பா துள்ளித் துள்ளி ஆடியது. டீசல் வாசம் அதற்கு முன்னால் நான் அறியாதது. அன்றைக்கு அது எனக்கு முறுக்கு சுடுகிற வாசத்தைவிட நன்றாக இருந்தது. தொடை மொத்தத்துக்குத் தண்ணீர் வந்து கல்லில் விழுந்து உடைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழவர்கள் கைநீட்டிப் பிடித்துக் குடித்தார்கள்.

அத்தை நொண்டி நொண்டி வந்து, உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தது. பிறகு பெரியப்பா பக்கத்தில் போய் நின்றது.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. இத ரொம்ப நேரம் ஓட்டாதீக. அளத்துல இப்புடித்தான் மிசின வச்சு இழுப்பாக. மொதல்ல வர்றது நல்ல தண்ணியாத்தான் வரும். நல்ல தண்ணி மேல உக்காந்திருக்கும்ணே, அதுக்கு அடியில உப்புத் தண்ணி. வாளியில மெதுவா மோந்தா அது பேசாம கெடக்கும். இழுத்தா எந்திரிச்சு வந்துரும்."

பெரியப்பாவுக்கு அப்போது யார் என்ன சொன்னாலும் சிரிப்புத்தான்.

"உப்பளத்துக்கு வாக்கப்பட்டவளுக்கு எச்சி கூடக் கரிக்கும். போத்தா, போயி ஒரு செம்பு குடி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். அய்யா எப்போதும் பெரியப்பா சிரித்தால் சிரிப்பார், பெரியப்பா எழுந்தால் எழுவார். வாடின செடி மூன்றே நாளில் நிமிர்ந்துகொண்டது. பத்து நாளில் பூ எடுத்தது. பக்கத்துக் காடுகளுக்கும் வாய்க்கால் வெட்டி விட்டார்கள். எஞ்சின் காலையில் பிடித்தால் பொழுது அடைந்தும் ஓடியது. விளக்கு வைத்த பிறகு வாளி விடக்கூடாது என்கிற வழக்கம் எஞ்சினுக்கு இல்லை என்று தானாகவே ஆகிவிட்டது. அதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. காளி வாளியைத்தானே பார்ப்பாள்?

இனி என் கை விஷயத்துக்கு வருகிறேன். அந்த மார்கழியிலிருந்து என் வலது கையில் பாலுண்ணி. ஐந்து விரலிலும், எண்ணினால் பதினான்கு. பூக்கோசு மாதிரித் தடித்து நிற்கும். கை கோத்து விளையாடுகிற விளையாட்டு ஒன்றிலும் என்னைச் சேர்க்கமாட்டீர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், குறை சொல்லவில்லை. மெக்கானிக்கு வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, உன்னை எங்க செட்டுல சேக்க மாட்டோம் என்று சொன்னீர்கள். ஏழெட்டுப் பேர் வேப்பமர நிழலில் கைகோத்துச் சுற்ற, நான் ஆட்டோடு நிற்பேன்.

அத்தையிடம் போய் அழுதேன். உங்களுக்கும் தெரியும், நம் பக்கத்தில் பாலுண்ணிக்கு உப்பும் மிளகும் நேர்ந்து கோயில் தண்ணீரில் போடுவது. அத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம், எஞ்சின் நிறுத்தியிருந்த நேரம், என்னைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனது. மடியிலிருந்து கல்லுப்பும் மிளகும் எடுத்து, என் வலது கையை மூன்று சுற்றுச் சுற்றி, அந்தக் கையிலேயே கொட்டியது. ஊருணியில்தான் போட வேண்டும், அது காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே சாமி இருக்கும் என்றது. எனக்குச் சந்தேகம், கிணறு கரித்துவிடாதா என்று கேட்டேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தது. அந்த மாதத்தில் அது சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு கை உப்புக்குக் கெணறு கரிக்கும்னா நான் எதுக்குய்யா அங்கன வெயில்ல கெடந்து வேகணும்? போடு. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காத. யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா கரையாது."

கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக நான் போட்டேன். என் கைதான் போட்டது. உப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் மழைத் தூறல் மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபோது, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஒருவன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். உங்களில் ஒருவன். எங்களைப் பார்த்தான், ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு எட்டு நாளோ பத்து நாளோ கழித்து, எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை. அம்மா விறகை மாற்றி மாற்றி வைத்தாள். பருப்பு கடுகு மாதிரி உருண்டுகொண்டே இருந்தது. மறுநாள் தெருவில் ஒரு வீட்டிலும் வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. கன்றுக்குட்டி வாளியில் மூக்கை வைத்துவிட்டுப் பின்னால் போனது. பிறகு மிளகாய்ச் செடியில் இலை நுனி கருகியது. வாய்க்கால் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு.

நான்தான் பண்ணினேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு கை உப்பு.

பெரியவர்களும் உப்பு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார்கள். எஞ்சினை ஒருவரும் நினைக்கவில்லை. அது சந்தனம் குங்குமம் வைத்த சாமான், சிமெண்டில் உட்கார்ந்திருக்கிற சாமான், மைக் செட்டு வைத்து வரவேற்ற சாமான். அதைக் குறை சொன்னால் பெரியப்பாவைக் குறை சொன்ன மாதிரி. அப்போது யாரோ ஒருவருக்கு அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. உப்பாகும் என்று அன்றைக்கே சொன்னாளே, அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாய் சொன்னது நாலு வாயானது. வாக்கப்பட்ட இடத்திலிருந்து உப்புக் காலோடு வந்தவள், அண்ணன் வாழ்வது பொறுக்காதவள், புண் ஆறாமலே இருக்கிறதே அது என்ன புண். எச்சரித்ததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. பொழுது விடிந்து பொழுது அடைவதற்குள் தெரு முழுக்க ஒரே பேச்சின் பின்னால் போனது.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் நின்றவன் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான், அத்தையையும் என்னையும் கிணற்றோரம் பார்த்ததை. அவனைத் தப்புச் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொன்னான். அவனுக்கும் ஒன்பது வயது, பல்லெல்லாம் சொந்தப் பல்.

மறுநாள் காலை என்னைக் கிணற்றுக்கு அழைத்தார்கள். எஞ்சின் நின்றிருந்தது. பெரியப்பா சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அய்யா அவருக்குப் பின்னால். நாலைந்து குடும்பத்து ஆட்கள், அவர்களின் இடுக்கில் நீங்கள். அத்தை குடத்தோடு வந்தது, கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது.

"ஏலே, பயப்படாமச் சொல்லு. கெணத்துல என்னத்தப் போட்டீக?" பெரியப்பா கேட்டார்.

"உப்பு."

"யாரு போட்டா?"

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பாலுண்ணிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். பாலுண்ணி என்றால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும், அவரவர் வீட்டிலும் செய்கிற காரியம்தானே. நான் சொல்லவில்லை. கிணற்றை நான்தான் கெடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் சொல்லவில்லை.

"அத்தை போட்டுச்சு."

பெரியப்பா அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை. சக்கரத்திலிருந்து கையை எடுத்தார், அவ்வளவுதான். நான் அத்தையைப் பார்த்தேன். அது வாயைத் திறக்கும், பையன் கைக்கு நேர்ந்து போட்டது என்று சொல்லும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் நான் மறைத்துவைத்த கைப் பக்கம் பார்த்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு எஞ்சின் மேடையில் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த ஊதாத் துணியை அவிழ்த்தது. ஒரு காலை அவிழ்த்து, மறு காலையும் அவிழ்த்தது. இரண்டு காலையும் வெயிலில் நீட்டிக் காட்டியது.

"புண்ணு ஆறிருச்சுண்ணே. நாளைக்குப் போறேன்."

அய்யா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் இரண்டு நாள் பெரியப்பாவோடு காட்டுக்குப் போகவில்லை. அந்த ஊதாத் துணி மாட்டுக் கொட்டத்து ஆணியில் வெகுநாள் தொங்கியது. அம்மா அதை எடுக்கவும் இல்லை, துடைக்கப் பயன்படுத்தவும் இல்லை. பிறகு ஒரு காற்றில் எங்கோ போய்விட்டது.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும், ஆனால் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அத்தை போன பிறகும் எஞ்சின் ஓடியது. தண்ணீர் இன்னும் மோசமாகக் கரித்தது. மாசி கடைசியில் மிளகாய் முழுக்கக் கருகியது, எஞ்சினைப் பனை ஓலை போட்டு மூடிவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. தையில் அம்மா அந்தத் தண்ணீரில் பருப்புப் போட்டாள், மலர்ந்துவிட்டது. தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? போனவள் போகவும் கிணறு தெளிந்துவிட்டது என்றார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

பெரியப்பா மட்டும் ஒன்று செய்தார். எஞ்சினை அந்த மேடையிலிருந்து கழற்றிக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனார். மணல் மேட்டுக் கிணற்றில் அப்புறம் சாகும்வரை எஞ்சின் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு ஏதேதோ காரணம் சொன்னார். வயதான காலத்தில் எனக்கு அது விளங்கியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாலிநோக்கத்துக்கு ஆள் அனுப்பவில்லை. தங்கச்சியிடம் போய் நீ சொன்னதுதான் சரி என்று சொல்வதைவிட, எஞ்சினைத் தூக்கி வேறு இடத்தில் உட்கார வைப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. அந்த எஞ்சினின் ஹேண்டில் இப்போது அவர் பேரன் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.

என் கைக்கு வருகிறேன். பங்குனியில் ஒருநாள் காலை கஞ்சி குடிக்கும்போது பார்த்தேன், ஒரு பாலுண்ணியும் இல்லை. பதினான்கும் போய்விட்டது, தழும்புகூட இல்லை. அன்று சாயங்காலம் நீங்கள் என்னைச் செட்டில் சேர்த்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நான் நம்ம செட்டு.

அத்தையை அப்புறம் கல்யாணத்தில் பார்த்தேன், கருமாதியில் பார்த்தேன். நல்லாருக்கியாய்யா என்று கேட்கும், தலையாட்டுவேன். நம் ஊருக்கு மட்டும் அது வந்ததே இல்லை. பெரியப்பா போனதுக்கும் முதுகுளத்தூர் ஆஸ்பத்திரியோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

போன வாரம் இரண்டு நாள் நிழற்குடைப் பக்கம் என்னைக் காணோம் என்று கேட்டீர்களே. வாலிநோக்கம் போயிருந்தேன். நம்மில் ஒருவர் பஸ் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல் மேட்டுக் கிணற்றில் காலையில் வாளி விட்டு ஒரு கேன் தண்ணீர் மோந்து, மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் எண்ணெயா என்று கேட்டார், தண்ணீர் என்றேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அத்தைக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மகன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. உப்பு வெயிலில் கண் வெளுத்துப் போய்விட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம். குரலை வைத்துக் கண்டுகொண்டது. ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் நாக்கில் வைத்து நிறுத்தியது. விழுங்கியது. எந்தக் கிணறு என்று கேட்கவில்லை.

"மெதுவாத்தான் மோந்துருக்க" என்றது.

நான் கீழே உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொன்ன மாதிரிச் சுற்றிச் சொல்ல முடியவில்லை. பாலுண்ணிக்குப் போட்டது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை அத்தை, போட்டது என் கை என்றும் சொல்லவில்லை என்றேன். தெரியும் என்றது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. எனக்கு ஆறவில்லை. நீங்களாவது ஏன் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் துழாவி என் வலது கையைப் பிடித்தது. கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, மேலும் கீழும் இடுக்கிலும் தடவிப் பார்த்தது. சுண்டுவிரல் வரைக்கும் பார்த்தது.

"சொன்னாக் கரையாதேய்யா" என்றது. "எல்லாம் கரைஞ்சிருச்சுல்ல?"